விருந்தாளிக்கு ஒளித்த பானை

சித்திரை பிறந்துவிட்டால் நமது பத்திரிகைகளின் மாதர் பகுதிக்கு ஒரு தனி உற்சாகம் பிறந்துவிடுகிறது. வெயிலைச் சமாளிப்பது எப்படி என்று எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான். வெயில் மண்டையைப் பிளக்கும்போது வெயிலைப் பற்றி எழுதாமல் பனியைப் பற்றியா எழுதுவார்கள்? ஆனால் சென்ற கோடையில் நான் படித்த ஒரு சமையல் குறிப்பு என்னைச் சும்மா இருக்க விடவில்லை. வீட்டிலேயே குளிர்ந்த சூப் தயாரிப்பது எப்படி என்பது விஷயம். தக்காளியை வேகவைத்துத் தோலை உரிக்க வேண்டும். வெள்ளரிக்காயைச் சேர்த்து மிக்ஸியில் அரைக்க வேண்டும். வடிகட்டிப் பிரிட்ஜில் நாலு மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே இரண்டு புதினா இலையை மிதக்கவிட்டுப் பரிமாறினால் விருந்தினர் மெய்மறந்து போவார்களாம்.

இதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. தக்காளி நல்ல பதார்த்தம். வெள்ளரிக்காயோடும் எனக்கு விரோதம் இல்லை. ஆட்சேபமெல்லாம் அந்தக் குறிப்பின் தலையிலே சூட்டியிருந்த ஒரு சொல்லைப் பற்றித்தான். 'புதுமை' என்று போட்டிருந்தார்கள். தானியத்தையோ காயையோ வேகவைத்து, ஆறவைத்து, நீர்க்கக் கரைத்து, உப்பும் புளிப்பும் சேர்த்து, கோடையில் குளிரக் குளிரக் குடிக்கிற உணவு தமிழ்நாட்டுக்குப் புதுமையாம்! அப்படியானால் கம்பங்கூழ் என்பது என்ன? கேழ்வரகுக் கூழ் என்பது என்ன? காலையில் பழைய சோற்றுப் பானையிலிருந்து இறுத்து, உப்புப் போட்டுக் குடித்துவிட்டு நம் பாட்டனார் ஏர் பூட்டப் போனாரே, அந்த நீராகாரத்துக்கு என்ன பெயர்?

இதைச் சொன்னவுடனே, 'சரிதான், பழம்பெருமை பேசக் கிளம்பிவிட்டான்' என்று சில வாசகர்கள் புன்னகை செய்வார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். நான் பெருமை பேச வரவில்லை. ஒரு வெட்கக்கேட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு.

அரியலூருக்கு அருகே ரெட்டிபாளையம் என்று ஓர் ஊர். சிமெண்டு ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் உள்ள ஊர் என்றால் பலருக்குத் தெரியும். அந்த வட்டாரம் முழுவதும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் கிடந்தது என்கிறார்கள். நிலத்தைத் தோண்டினால் கல்லாய்ச் சமைந்த கடற்சிப்பிகள் இன்றும் அகப்படுகின்றன. அப்பேர்ப்பட்ட சமுத்திரம் இருந்த இடத்தில் இப்போது அக்கினி நட்சத்திரத்தின்போது நடந்து பார்க்க வேண்டும். வெள்ளைக் கல்லும் வெள்ளைத் தூசியும் வெயிலை வாங்கி முகத்திலே திருப்பி அடிக்கும். கல் ஏற்றிய லாரிகள் போகும்போது கிளம்புகிற புழுதி அடங்குவதற்குள் அடுத்த லாரி வந்துவிடும்.

அந்த ஊரில் என் தாயாரின் தமக்கை இருக்கிறாள். எனக்குப் பெரியம்மா. நான் வருஷத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் கோடையில்தான், அவளைப் பார்க்கப் போவேன். போனால் நெல்லுச் சோறு, சாம்பார், இரண்டு கறி, அப்பளம், வாங்கி வந்த குளிர்பானம் எல்லாம் தயாராக இருக்கும். பல வருஷங்களாக இப்படித்தான். மத்தியான வெயிலில் சுடச்சுட அதைச் சாப்பிட்டுவிட்டு, வியர்த்து விறுவிறுத்து, விசிறியும் கையுமாகத் திண்ணையில் புரள்வேன். பெரியம்மாவின் அன்பு அப்படிப்பட்டது என்று எண்ணிக்கொள்வேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள், வருகிற செய்தியை முன்னதாகச் சொல்லாமல் போய்விட்டேன். பதினோரு மணி இருக்கும். வாசற்படியில் கால் வைத்ததும் உள்ளே ஒரு பரபரப்பு. மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, அத்தை!" என்று அடித்தொண்டையில் ஏதோ சொன்னாள். பெரியம்மா ஒரு மண்பானையைத் தூக்கிக்கொண்டு அவசர அவசரமாகக் கொல்லைப்பக்கம் போவது தெரிந்தது. எழுபத்தைந்து வயதுக் கிழவி பானையோடு ஓடுகிறாளே என்று நானும் பின்னாலேயே போனேன். வைக்கோற்போருக்குப் பின்னால் பானையை இறக்கிவைத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பெரியம்மா அது?"

"ஒண்ணுமில்லப்பா. மாட்டுக்கு வச்சிருந்தது."

மாடு அங்கே இல்லை. மாட்டை விற்று நாலு வருஷம் ஆகிவிட்டதை நான் அறிவேன். பானையின் மூடியைத் திறந்து பார்த்தேன். கம்பங்கூழ். மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டிருந்தது. பானையின் வெளிப்புறமெல்லாம் முத்து முத்தாக நீர் துளிர்த்திருந்தது.

"எனக்குக் கொஞ்சம் ஊற்றேன்" என்றேன்.

அவள் முகத்தை நான் மறக்கமாட்டேன். திருட்டு அகப்பட்டுக்கொண்ட குழந்தை மாதிரி விழித்தாள். "நீ பட்டணத்துல இருக்கிறவன்பா. எழுதுற புள்ள. ஒனக்குப் போயி இதைக் கொடுக்கிறதா? நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவாங்க?" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் நான் வருகிற நாளெல்லாம் அந்தப் பானை வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் குளிர்ச்சியாகக் குடிக்க வேண்டியதை எனக்காக விட்டுவிட்டு, அடுப்படியில் நின்று வெந்து, என்னையும் வேகவைத்திருக்கிறார்கள். அந்தப் பானை யாருக்குப் பயந்து ஒளிந்தது என்றால், எனக்குப் பயந்துதான். நான்தான் அந்த விருந்தாளி.

ஆகவே என் கட்சி இதுதான்: ஓர் உணவுக்கு இந்த உலகத்தில் என்ன மரியாதை என்பதை அதன் ருசியும் தீர்மானிப்பதில்லை, சத்தும் தீர்மானிப்பதில்லை. அதை விருந்தாளியின் முன்னால் வைக்கிறோமா, ஒளிக்கிறோமா என்பதுதான் தீர்மானிக்கிறது. நாம் நம்முடைய குளிர்ந்த சூப்பை ஒளித்துவிட்டு, பிறருடைய குளிர்ந்த சூப்பைச் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

பிறருடையது மட்டும் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். ஸ்பெயின் தேசத்தின் தெற்கே ஆண்டலூசியா என்று ஒரு பகுதி. நம் ஊரைப் போலவே வெயிலுக்குப் பேர்போனது. அங்கே கஸ்பாச்சோ என்று ஒரு குளிர்ந்த சூப் உண்டு. இன்று உலகமெல்லாம் பெரிய ஹோட்டல்களில் பரிமாறுகிறார்கள். ஆதியில் அது என்ன? காய்ந்துபோன ரொட்டித் துண்டையும் பூண்டையும் உப்பையும் உரலில் இட்டு இடித்து, ஆலிவ் எண்ணெயும் காடியும் தண்ணீரும் விட்டுக் கரைத்து, வயற்காட்டுக் கூலியாட்கள் குடித்த கரைசல். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டில்தான். அது கஸ்பாச்சோவில் புகுந்தது அதற்கும் வெகு காலம் கழித்து. நம் மாதர் பகுதி சொல்லிக்கொடுக்கிற அந்தச் சிவப்புச் சூப்பின் பூர்வீகம், கூலிக்காரன் குடித்த பழைய ரொட்டித் தண்ணீர்!

விஷிஸ்ஸுவாஸ் என்று நாக்கு சுளுக்கிக்கொள்ளும் பெயருடன் இன்னொன்று இருக்கிறது. உருளைக்கிழங்கும் லீக் என்னும் வெங்காயத்தாளும் சேர்ந்த வெண்மையான குளிர் சூப். நியூயார்க்கில் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலின் தலைமைச் சமையற்காரராக இருந்த லூயி தியா என்னும் பிரெஞ்சுக்காரர் 1917-ஆம் வருஷக் கோடையில் அதை உருவாக்கியதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு யோசனை எங்கிருந்து வந்ததாம்? சிறு பிள்ளையாக இருந்தபோது தாயாரும் பாட்டியும் வைத்த கிழங்குச் சூப்பில், சூடு ஆறட்டும் என்று அவரும் அண்ணனும் குளிர்ந்த பாலை ஊற்றிக்கொண்டு குடிப்பார்களாம். அந்த ஞாபகத்திலிருந்து வந்ததாம். தாயார் வீட்டுப் பானையை நியூயார்க் கோடீசுவரர்களின் மேஜைக்குத் தூக்கிக்கொண்டு போனார் அந்த மனுஷர். வைக்கோற்போருக்குப் பின்னால் கொண்டுபோகவில்லை.

ருஷியர்கள் கோடையில் குடிக்கிற ஒக்ரோஷ்காவுக்கு ஆதாரமாக இருப்பது கம்பரிசிக்குத் தூரத்து உறவான ரை தானியத்தின் ரொட்டியைப் புளிக்கவைத்து எடுக்கிற குவாஸ் என்னும் பானம். பல்கேரியர்கள் தயிரைக் கரைத்து, வெள்ளரிக்காயும் பூண்டும் சேர்த்துத் தாரத்தோர் என்று குடிக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஒரிசாக்காரர்கள் நீரில் ஊறிய பழைய சோற்றைப் பகாளம் என்று கூப்பிட்டு, மார்ச் 20-ஆம் தேதியை அதற்கென்றே கொண்டாடுகிறார்கள். 2021-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த தொலைக்காட்சிச் சமையற் போட்டியின் இறுதிச் சுற்றில், வங்காள வம்சத்தைச் சேர்ந்த கிஷ்வர் சௌத்ரி என்ற பெண்மணி பழைய சோற்றைத்தான் நீதிபதிகளின் முன்னால் வைத்தார். உலகமே பார்த்துக்கொண்டிருக்கிற மேடையில் வைத்தார். எங்கள் ரெட்டிபாளையத்தில் என் முன்னால் வைக்க என் பெரியம்மாவுக்குத் துணிவு இல்லை.

ஏன் இல்லை? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லாமல் கூழின் புகழைப் பாடிக்கொண்டு போகிறவர்களோடு எனக்குச் சம்மதம் இல்லை.

கூழ் நம் நாட்டில் வெறும் உணவாக இருந்ததில்லை. அது ஒரு அடையாளச் சீட்டு. நெல்லுச் சோறு தின்கிறவன் யார், கூழ் குடிக்கிறவன் யார் என்று பிரித்துக் காட்டிய சீட்டு. புன்செய்க் காட்டு ஜனங்களுக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் நெல்லுச் சோறு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்திலிருந்து அப்புறம் வந்த பஞ்சங்கள் வரை, கஞ்சித் தொட்டி என்றால் மானத்தை விட்டுவிட்டுக் கையேந்துகிற இடம் என்றுதான் ஜனங்களின் ஞாபகத்தில் பதிந்திருக்கிறது. அது போகட்டும். பண்ணை வீடுகளின் கொல்லைப்புறத்தில் கூலியாட்களுக்குக் கூழ் ஊற்றிய விதம் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? பாத்திரம் கொடுக்கமாட்டார்கள். பனையோலைப் பட்டையிலோ, குவித்த இரண்டு கைகளிலோ, எட்ட நின்று, மேலேயிருந்து ஊற்றுவார்கள். ஊற்றுகிற கை உயரத்தில் இருக்கும். ஏந்துகிற கை தாழ்வில் இருக்கும். நடுவிலே ஜாதி இருக்கும்.

அப்படிக் குடித்தவனின் மகனும் பேரனும் 'கூழ் வேண்டாம், எனக்கு நெல்லுச் சோறு போடு' என்று சொன்னால் அதை நாகரிக மோகம் என்று பரிகாசம் செய்ய யாருக்கும் யோக்கியதை இல்லை. 2011-ஆம் வருஷம் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, 'இனி எல்லோரும் சோம்பேறியாகிவிடுவார்கள், கூழ் குடித்த உடம்பின் பலம் போய்விடும்' என்று சாய்வு நாற்காலியிலிருந்து பிரலாபித்தவர்களை நான் அறிவேன். அவர்கள் வீட்டில் மூன்று வேளையும் அரிசிச் சோறுதான். பிறர் கூழ் குடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் முதலில் தன் இலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அவமானம் கூழில் இல்லை; ஊற்றிய விதத்தில் இருந்தது. நாம் என்ன செய்துவிட்டோம்? ஊற்றிய விதத்தின் மேல் வரவேண்டிய வெட்கத்தைக் கூழின் மேல் ஏற்றிவிட்டோம். குற்றவாளியை விட்டுவிட்டுச் சாட்சியைத் தண்டித்திருக்கிறோம். எட்ட நின்று ஊற்றியவனின் பேரன் இன்று தலை நிமிர்ந்து நடக்கிறான். கூழ்ப்பானை வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளிகிறது.

இதில் உள்ள வேடிக்கையைப் பாருங்கள். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றினால் அதே கூழ் பிரசாதம். பட்டுப்புடவைக்காரர்களும் செம்பை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். சித்திரை மாதம் வீட்டுக்குள்ளே குடித்தால் அது தரித்திரம்! பட்டணத்தில் சாலையோரத்துத் தள்ளுவண்டியில், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றபடி குடித்தால் அது உடம்புக்கு நல்லது. ஊரிலே திண்ணையில் உட்கார்ந்து குடித்தால் அது பட்டிக்காட்டுத்தனம்! பெரிய ஹோட்டலிலே உள்ளங்கையளவு செப்புக் கிண்ணத்தில் ஊற்றி, பக்கத்தில் ஒரே ஒரு மோர்மிளகாயைச் சாய்த்து வைத்தால் அது பாரம்பரியம். பெரியம்மாவின் பானையில் இருந்தால் அது மாட்டுக்கு வைத்தது!

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் வருஷத்தைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. கூட்டங்கள் போட்டார்கள், கம்பிலே பிஸ்கோத்து, கேழ்வரகிலே கேக்கு என்று கண்காட்சி வைத்தார்கள். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான் என்று அட்டவணை காட்டினார்கள். எல்லாம் வாஸ்தவம்தான். ஆனால் அட்டவணையைப் பார்த்து யாராவது ருசித்துச் சாப்பிட்டதுண்டா? இந்த மருந்துக்கடைப் புகழ்ச்சியும் ஒரு வகை அவமதிப்பு என்றே நினைக்கிறேன். கூழ் சர்க்கரை வியாதியைத் தீர்க்கும், புற்றைத் தீர்க்கும் என்று கூவுகிறவர்களை நம்ப வேண்டாம். அது பசியைத் தீர்க்கும், தாகத்தைத் தீர்க்கும். கோடையில் இந்த இரண்டையும் ஒரே செம்பில் தீர்க்கிற பதார்த்தம் வேறு எத்தனை இருக்கிறது?

இனி மாதர் பகுதிக்கே வருகிறேன். சூப்புக்கும் கூழுக்கும் ஒரு நியாயமான ஒப்பீடு செய்து பார்க்கலாம்.

அந்தத் தக்காளிச் சூப்பைச் செய்ய அடுப்பு மூட்ட வேண்டும். பிறகு பிரிட்ஜ் வேண்டும். பிரிட்ஜ் என்கிற பெட்டி குளிரை உண்டாக்குவது எப்படி? உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து முதுகுப்புறமாக அறைக்குள்ளே தள்ளுகிறது. சூடான பாத்திரத்தை உள்ளே வைக்க வைக்க, அந்தச் சூடு முழுவதும், ஓடுகிற யந்திரத்தின் சூட்டையும் சேர்த்துக்கொண்டு, சமையலறையில் நிற்கிற பெண்ணின் மேலேதான் வந்து விழும். மின்சாரம் நின்றுபோனால் அந்தக் குளிரும் இல்லை. குளிர்ச்சி என்றால் காசு கொடுத்து வாங்குவது என்கிற எண்ணம் நமக்குப் புதிதும் அல்ல. போஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலில் ஏற்றி 1833-இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். சென்னையிலும் கடற்கரையில் 1842-இல் அதற்காகவே ஐஸ் ஹவுஸ் என்று கட்டடம் எழுப்பினார்கள். இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கிறதே, அதுதான். பாதி பூமியைச் சுற்றி வந்த பனிக்கட்டியை வெள்ளைக்கார துரைகள் கோப்பையில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு காசு செலவில்லாமல் குளிர்ந்துகொண்டிருந்தது மண்பானை.

மண்பானையின் ரகசியம் பெரிய மாயம் அல்ல. பானையின் நுண்துளை வழியாக நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதைப் பானையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவுக்கு ஆவியாதல் அதிகம், குளிர்ச்சியும் அதிகம். கடற்கரைப் பட்டணத்தின் புழுக்கத்தில் மண்பானை கொஞ்சம் திணறும். ஆனால் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து வறண்ட வெயிலில் அது தன் முழு வித்தையையும் காட்டும். வெயிலையே வேலைக்காரனாக வைத்துக்கொண்டு குளிர்ச்சியைச் சம்பாதிக்கிற சாமர்த்தியம் இது.

எல்லாவற்றையும்விட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. கூழ் வைக்கிறவள் அடுப்பு மூட்டுவது சாயங்காலத்தில். உச்சி வெயிலில் அல்ல. கூழின் குளிர்ச்சி குடிக்கிறவனுக்கு மட்டுமல்ல, சமைக்கிறவளுக்கும் உண்டு. மத்தியான விருந்தைச் சுடச்சுடப் பரிமாறுவதே கௌரவம் என்று வைத்துக்கொண்டோமே, அந்தக் கௌரவத்துக்காக நாற்பது டிகிரி வெயிலில் அடுப்பின் முன்னால் நிற்பது யார்? நாம் அல்ல. கூழை ஒளித்ததனால் ஏற்பட்ட நஷ்டத்தை முதலில் அனுபவிப்பவள் அவள்தான்.

செய்முறை எழுதாமல் சண்டை மட்டும் போட்டால் மாதர் பகுதிக்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். பெரியம்மா சொன்னதை அப்படியே தருகிறேன். கம்பின் மேல் தண்ணீர் தெளித்துப் பிசறி, சற்று ஊறவிட்டு, உரலில் குத்தித் தவிட்டைப் புடைத்து எடுக்க வேண்டும். உரல் இல்லாதவர்கள் கடையில் விற்கும் குத்திய கம்பை வாங்கி மிக்ஸியில் ரவையாக உடைத்துக்கொள்ளலாம். ஒரு பங்கு ரவைக்கு நாலு பங்கு தண்ணீர் கொதிக்க வைத்து, உப்புப் போட்டு, ரவையைக் கொட்டிக் கட்டிதட்டாமல் கிளற வேண்டும். கைவிடாமல் கிளறி நன்றாக வெந்தபின் இறக்கி, ஆறியதும் உருண்டை பிடித்து, மண்பானையில் முழுகும்படி நல்ல தண்ணீர் ஊற்றி, மூடி வைத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் லேசாகப் புளித்திருக்கும். இரண்டு உருண்டையை எடுத்து அதே நீரில் கையால் பிசைந்து கரைத்து, மோர் விட்டு, சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டால் முடிந்தது.

கேழ்வரகானால், மாவை முதல் நாள் இரவே தண்ணீரில் கரைத்துப் புளிக்கவிட வேண்டும். மறுநாள் நொய்யரிசியை நிறையத் தண்ணீரில் குழைய வேகவைத்து, புளித்த மாவை ஊற்றிக் கிளற வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். ஆறவைத்து, அடுத்த நாள் கரைத்துக் குடிக்க வேண்டியதுதான். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், கொத்தவரங்காய் வற்றல், மாங்காய்த் துண்டு, மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வறுத்த கருவாடு. பெரம்பலூர் ஜில்லாவின் செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயம் அகப்பட்டால் வேறு எதுவுமே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். புளித்தது வேறு, ஊசிப்போனது வேறு. பானையைத் தினமும் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். குடிக்கத் தகுந்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். நூல் விட்டாலோ வாடை மாறினாலோ ஈவிரக்கம் பாராமல் கொட்டிவிட வேண்டும். இதையெல்லாம் பெரியம்மா மூக்கினாலேயே தெரிந்துகொள்கிறாள். அந்த மூக்கு புஸ்தகத்தில் கிடைக்காது. அவள் பக்கத்தில் இருந்து கற்றுக்கொண்டால்தான் உண்டு. அவள் பானையை ஒளித்துக்கொண்டு போனால் அவள் மருமகள் எப்படிக் கற்றுக்கொள்வாள்? பேத்தி எப்படிக் கற்றுக்கொள்வாள்? கம்பும் சோளமும் விளைந்த பெரம்பலூர்க் காடுகளில் இன்று மக்காச்சோளம் விளைகிறது; அதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் விருந்தாளிக்கு வைக்காத தானியத்தை அவன் யாருக்காக விதைப்பான்?

என் கட்சியைக் கடைசியாக ஒரு தடவை சொல்லி முடிக்கிறேன். தினமும் எல்லோரும் கூழ் குடியுங்கள் என்று நான் உபதேசம் செய்யவில்லை. சோறு தின்ன வசதி வந்தவர்கள் சோறு தின்னட்டும். குளிர்ந்த தக்காளிச் சூப்புப் பிடித்தவர்கள் அதையும் குடிக்கட்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கோடையில் உங்கள் வீட்டுக்கு மேலதிகாரி வருகிறார், சம்பந்தி வருகிறார், பட்டணத்து உறவினர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலை உடைக்காமல், பாத்திரத்தை மாற்றாமல், 'எங்கள் வீட்டில் இன்று கூழ். ஒரு செம்பு குடியுங்கள்' என்று சொல்லி, நல்ல பாத்திரத்தில், கையருகே வைத்துக் கொடுங்கள். மேலேயிருந்து ஊற்ற வேண்டாம். அவர் முகம் சுளித்தால் அது அவருடைய நஷ்டம்.

அன்றைக்கு வைக்கோற்போருக்குப் பின்னால் நின்றுகொண்டே நான் இரண்டு செம்பு கூழ் குடித்தேன். பெரியம்மா தெருப்பக்கம் யாராவது பார்க்கிறார்களா என்று காவல் காத்துக்கொண்டிருந்தாள். சென்ற வருஷம் போனபோது உள்ளே, கூடத்தில் வைத்தே கொடுத்தாள். ஆனால் வாசற்கதவைச் சாத்திவிட்டுத்தான் கொடுத்தாள்.

இந்த வருஷம் கதவைத் திறந்து வைக்கச் சொல்லப்போகிறேன்.